தீப்பட்ட நேரம்

தீக்காய வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். ஓய்வு பெறும் வயது இன்னும் வரவில்லை. பதின்மூன்று வருடம் நோயாளிகளைப் புரட்டியதில் முதுகு ஜவ்வு விலகிவிட்டது, இனி ஆள் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். போன வாரம் தேநீர் வேளையில் உங்களில் ஒருத்தி என்னிடம், போவதற்கு முன் என் பட்டியல்களையெல்லாம் தந்துவிட்டுப் போகும்படி கேட்டாள். அவை இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில், ஏழு கோப்புகளில் இருக்கின்றன. படுக்கை தயார் செய்வதற்கு ஒன்று, கட்டு மாற்றுவதற்கு ஒன்று, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று. எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புகளில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஆறு மாதம் தீக்காயப் பயிற்சி முடித்து ஈப்போவுக்குத் திரும்பினேன். அப்போது தோட்டங்களிலிருந்து வந்த தீக்காயக்காரர்களைப் பார்த்தால் அழுகை வரும். சிலர் காயத்தில் கிச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றியிருப்பார்கள். சிலர் பற்பசை. ஒரு தாய் பிள்ளையின் மார்பு முழுவதும் கோதுமை மாவை அப்பிக்கொண்டு வந்தாள். துணி தோலோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். டிரிப் ஏற்றியிருக்க மாட்டார்கள். எப்போது சுட்டது, என்ன கொடுத்தார்கள் என்று எந்தத் துண்டுக் காகிதமும் கூட வராது.

நான் ஒரு தாள் தயாரித்தேன். அதில் ஒன்பது கட்டங்கள். பெயர், வயது. எங்கே சுட்டது. எத்தனை மணிக்குச் சுட்டது. எதனால். உடம்பில் எவ்வளவு பகுதி, ஒரு மனித உருவத்தில் நிழலடிக்க வேண்டும். டிரிப் எத்தனை புட்டி. வலிக்கு என்ன மருந்து. காயத்தின் மேல் என்ன மூடியிருக்கிறது. மணிக்கு மணி எவ்வளவு சிறுநீர். ரோனியோவில் நகலெடுத்து, விடுமுறை நாட்களில் பஸ் ஏறி, செமோர் பக்கத்திலிருந்து தெலுக் இந்தான் வரைக்கும் தோட்டத்து மருந்தகங்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் என்று ஒருவர் இருப்பார். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வந்துபோவார். மற்ற நாட்களில் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை எல்லாம் டிரசர் கையில்தான். செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த டிரசருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். சாமிநாதன் என்று பெயர். என் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"ஒம்போது கட்டம் எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆளு ஆறிப்போயிடுவான் மிஸ்ஸி," என்றார். நர்சுகள் எல்லாரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான்.

ஆனால் அவர்தான் எல்லாரையும்விட ஒழுங்காக எழுதினார். அழகான கையெழுத்து. ஒரே வருடத்தில் மாற்றம் தெரிந்தது. கிச்சாப் நின்றது. சுத்தமான துணியில் சுற்றி, டிரிப்போடு, தாளைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து தாளைக் கேட்டு எழுதினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. கர்வமாக இருந்தது.

வார்டில் அட்டெண்டனாக இருந்த பாக்கியம் அக்கா மட்டும் என்னைக் கிண்டல் செய்வார். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பஸ்ஸில் வருவார். தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகும்வரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். "மிஸ்ஸி, சாப்பாட்டுக்கும் ஒரு தாளு அடிச்சிடுங்கலா. கட்டம் ஒண்ணு சோறு, கட்டம் ரெண்டு கொழம்பு. எம் புருஷன் தப்பா சாப்புடுறாரு." நானும் சிரிப்பேன். ஆனால் அவரிடம் நான் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டது கிடையாது. என் அப்பா ரயில்வேயில் கிளார்க். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, ஈப்போ டவுனில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். தோட்டங்களுக்குத் தாள் கொடுக்கப் போனேனே தவிர, அங்கே வரிசை வீடுகளான லயங்களில் விடியற்காலையில் ஒரு வீடு எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவதற்கு மூன்றாவது கட்டம், அதாவது நேரம், ஏன் முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். வகுப்பில் படித்திருப்பீர்கள், இருந்தாலும். பெரிய தீக்காயம் பட்டால் இரத்தத்தில் உள்ள நீர் குழாய்களை விட்டுக் கசிந்து உடம்பு வீங்கும். உள்ளே வறண்டுபோகும். முதலில் அடிவாங்குவது சிறுநீரகம். அதனால் ஒரு நாளைக்குத் தேவையான திரவத்தில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது. நோயாளி நம் வாசலுக்கு வந்த நேரம் அதற்குப் பொருட்டில்லை.

லெட்சுமி வந்தபோது காலை எட்டே முக்கால். சாமிநாதனின் தோட்டத்து ஜீப் கொண்டுவந்தது. இருபத்தெட்டு வயது. மார்பு, வயிறு, இரண்டு கைகள், கழுத்தின் ஒரு பக்கம். முகம் தப்பியிருந்தது. கூடவே அவள் புருஷன் முனியாண்டி, கையில் தாளோடு. தாளை வாங்கிப் பார்த்தேன். சுட்ட இடம்: புகைக்கொட்டகை, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் இடம். சுட்ட நேரம்: காலை 7.15. டிரிப்: ஒரு புட்டி. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, அதே அழகான கையெழுத்து.

முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய ஆறு காரியங்களையும் வரிசை பிசகாமல் செய்தேன். டாக்டர் தாளைப் பார்த்து, ஏழேகாலிலிருந்து எட்டு மணி நேரம் என்றால் மூன்றேகால் வரை என்று கணக்குப் போட்டு, மணிக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று எழுதினார். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி பஸ்ஸில் மோதிய விபத்து வந்துவிட்டது. அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். வார்டு என் கையில்.

ஒன்பதரை இருக்கும். பாக்கியம் அக்கா லெட்சுமியின் படுக்கை விரிப்பை மாற்ற எனக்கு உதவிக்கொண்டிருந்தார். வெட்டியெடுத்த துணிகளைப் பையில் போடும்போது ஒன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மிஸ்ஸி, இது புகைக்கொட்டாய்ல சுட்டது இல்லலா. மண்ணெண்ண வாடை. கைலிய வேற கட்டிருக்கா, தலையில துணி இல்ல. வேலைக்குப் போறவ இப்படியா போவா?"

நான் டிரிப்பின் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை நிறுத்தவில்லை. "அக்கா, தாள்ல எழுதியிருக்கு," என்றேன்.

அவர் துணியைப் பைக்குள் போட்டார். "சரி மிஸ்ஸி. தாள்ல இருந்தா சரிதான்." எப்போதும் சேர்க்கும் கிண்டலைச் சேர்க்கவில்லை. அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குச் சிறுநீர் குறைவாக இருந்தது. குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மடங்கவில்லை. பதினொரு மணிக்கு இன்னும் குறைவு, நிறம் தேநீர்ச் சாயம்போல இருந்தது. தியேட்டருக்குச் சீட்டு அனுப்பினேன். நேரம் 7.15 என்பதையும் அதில் எழுதினேன். டிரிப்பைக் கொஞ்சம் கூட்டு, முடித்துவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது. ஏழேகாலுக்குச் சுட்டிருந்தால் அது சரியான பதில். கொஞ்சம் கூட்டினேன்.

முனியாண்டி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் மேசையிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு ஒரு நிமிட நடைகூட இல்லை. அந்தக் காலை முழுவதும் நான் அவரைக் கடந்து நாலைந்து முறை போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டர் திரும்பியபோது மணி ஒன்று. சிறுநீர்ப் பையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இந்த நேரத்தை யார் சொன்னது என்று என்னிடம் கேட்டார். டிரசர் எழுதியிருக்கிறார் என்றேன். நோயாளியைக் கேட்டாயா என்றார். நான் வராந்தாவுக்குப் போய் முனியாண்டியிடம் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்தார்.

"டிரசர் ஐயா என்ன எழுதினாரோ அதான் மிஸ்ஸி."

உள்ளே வந்து லெட்சுமியிடம் குனிந்தேன். காலையிலிருந்து அவளுக்கு நினைவு தப்பவில்லை. வலி மருந்தில் கொஞ்சம் மயக்கம், அவ்வளவுதான். பெயர் கேட்டால் சொன்னாள், தண்ணீர் கேட்டாள். மணி மட்டும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். அவள் கதவுப்பக்கம் பார்த்தாள். டிரசர் அங்கே நிற்கிறாரா என்று பார்த்திருப்பாள்.

"பெரட்டுக்கு முன்னாடி மிஸ்ஸி. நாலு, நாலேகாலு. புள்ளைக்குப் பாலு காய்ச்சயில அடுப்பு பொங்கிருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "டிரசர் ஐயாவ ஒண்ணும் சொல்லிராதீங்க. அவரு அப்படி எழுதலன்னா ஜீப்பு வராது."

பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்கு முன் நடப்பது வீட்டுக் காரியம், பின் நடப்பது தோட்டத்துக் காரியம். அந்தத் தோட்டத்தில் ஜீப் வேலைக் காயத்துக்கு மட்டும்தான் என்று வழக்கம். வீட்டுக் காயம் என்றால் டாக்ஸியோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட டெலிபோன் ஆபீசில் இருந்தது, ஆபீஸ் ஏழு மணிக்குத் திறக்கும். சாமிநாதன் நாலரை மணியிலிருந்து லெட்சுமியை மருந்தகத்தில் வைத்துக்கொண்டு, டிரிப் ஏற்றிக்கொண்டு, புகைக்கொட்டகை திறப்பதற்காகக் காத்திருந்திருக்கிறார். திறந்த பிறகு ஏழேகால் என்று எழுதியிருக்கிறார்.

உண்மையான எட்டு மணி நேரம் பன்னிரண்டேகாலோடு முடிந்துவிட்டிருந்தது. அதற்குள் போயிருக்க வேண்டியதில் பாதிகூடப் போகவில்லை. டாக்டர் எல்லாவற்றையும் வேகப்படுத்தினார். சிறுநீரகம் திரும்பவில்லை. ஆறாவது நாள் லெட்சுமி இறந்துபோனாள். காயமே பெரியது, சரியான நேரம் தெரிந்திருந்தாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். நான் அன்றிரவு கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்குப் பாக்கியம் அக்கா சொன்னபோதே லெட்சுமியிடம் குனிந்து கேட்டிருந்தால், இரண்டே முக்கால் மணி நேரம் மிச்சமிருந்தது.

உடலை வாங்கிக்கொண்டு போகும்போது முனியாண்டி என்னிடம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"நாந்தான் மிஸ்ஸி வாயத் தொறக்காம நின்னுட்டேன். மணிய நான் சொல்லிருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோலவும் இருந்திருக்கும், பாவம் என்பதுபோலவும் இருந்திருக்கும். 

அடுத்த விடுமுறை நாளில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, வார்த்தைகள் இன்னும் சுத்தமாகிவிடும். மருந்தகத்து வாசலில் நாலைந்து பேர் மருந்துக்கு நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சாமிநாதனிடம், இந்தத் தாளில் பொய் எழுதினால் அதனால் ஓர் உயிர் போகும், போய்விட்டது என்று சொன்னேன்.

அவர் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். "வீட்டுல சுட்டதுன்னு எழுதினா மொத பஸ்ஸு எட்டு மணிக்கு. அதுவும் மூணு மைல் நடந்து ரோட்டுக்குப் போவணும். உங்ககிட்ட வர பதினோரு மணி ஆயிரும். துரைகிட்ட யாரு போயிக் கேக்குறது?"

அது எனக்குத் தெரியாது, நேரம் சரியாக இருக்க வேண்டும், அதுமட்டும்தான் எனக்கு வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த என் வெற்றுத் தாள்களைச் சீராக அடுக்கினார். "அப்ப அவ செத்தது நான் எழுதுன நேரத்தாலயா மிஸ்ஸி?"

"ஆமா," என்றேன்.

தங்கைகளே, தம்பிகளே, அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருந்தது. மற்ற பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே தாளை மட்டும் திருத்தினேன். பத்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: நேரத்தைச் சொன்னது யார்? இன்றும் அது இருக்கிறது. அதைச் சேர்த்ததற்காக என்னைப் பாராட்டினார்கள். அந்தக் கட்டத்தைப் பாக்கியம் அக்காவிடம் காட்டியபோது, "நல்லா இருக்கு மிஸ்ஸி," என்றார். அவர் என்னிடம் இனி எதையும் முகர்ந்து சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கேட்டபோது, "நீங்க படிச்சவங்க மிஸ்ஸி, நான் என்னாத்தக் கண்டேன்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அது மன்னிப்பு இல்லை.

லெட்சுமி இறந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் காலை பதினொன்றேகாலுக்கு வார்டு வாசலில் சாமிநாதனைப் பார்த்தேன். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையில் டிரிப் புட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். புட்டியிலிருந்து வந்த குழாய், பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் தோளில் கிடந்த ஆறு வயதுச் சிறுமியின் காலுக்குப் போயிற்று. கஞ்சிப் பானை கவிழ்ந்திருக்கிறது. சாலைவரை மூன்று மைல் நடந்து, செமோருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஈப்போவுக்கு இன்னொரு பஸ். உட்கார இடமில்லை. வழியெல்லாம் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறார். கை மாற்றி மாற்றிப் பிடித்ததாக அந்தத் தாய் சொன்னாள்.

அவர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பத்துக் கட்டமும் நிரப்பியிருந்தது. இடம்: வீடு. நேரம்: 5.40. சொன்னது: தாய்.

"நேரம் சரியா எழுதிருக்கேன் மிஸ்ஸி," என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிறுமி பிழைத்தாள். நேரம் சரியாக இருந்ததால் சிறுநீரகம் தப்பியது. ஆனால் ஐந்தரை மணி நேரம் கழித்து, புழுதிச் சாலையிலும் பஸ்ஸிலுமாக வந்ததில் காயத்தில் கிருமி ஏறிவிட்டது. நான்கு மாதம் எங்களோடு இருந்தாள், இடது முழங்கால் கடைசிவரை நேராக நீளவில்லை. அன்று காலை முழுவதும் அந்த ஜீப் தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தது.

அப்போதும் உடனே போனேன் என்று சொல்ல ஆசை. இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன். இந்த முறை மருந்தகத்துக்குப் போகாமல் நேரே மேனேஜர் ஆபீசுக்கு. எல்லாரும் துரை துரை என்று சொன்னதில் நான் மனத்தில் வைத்திருந்தது ஒரு வெள்ளைக்காரரை. உள்ளே இருந்தவர் பினாங்கிலிருந்து வந்த சீனர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். நான் தயாரித்துக்கொண்டு போன எட்டுக் காரணங்களில் மூன்றாவதைச் சொல்வதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஜீப் வேலைக் காயத்துக்கு மட்டும் என்று யார் சொன்னது என்று என்னையே கேட்டார். பெரிய கிராணியை, அதாவது தலைமை எழுத்தரை, கூப்பிட்டார். அது முந்தைய துரை காலத்து ஏற்பாடு, மாற்றச் சொல்லி யாரும் உத்தரவு தரவில்லை என்றார் கிராணி. மேனேஜர் அங்கேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தக் காயமானாலும், எந்த மணியானாலும், டிரசர் கேட்டால் சாவியைக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொண்டுவந்த காப்பி அதற்குள் ஆறக்கூட இல்லை.

"வொய் டிட் நோபடி ஆஸ்க் மீ?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

லயத்திலிருந்து ஒருவரும் அந்த ஆபீஸ் படியேறி அவரிடம் கேட்க மாட்டார்கள். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னால் கேட்டிருக்க முடியும். என்னிடம் ஆங்கிலம் இருந்தது, வெள்ளைச் சீருடை இருந்தது, அந்தப் படிகளைப் பார்த்து எனக்குப் பயமும் இல்லை. நாலைந்து மாதத்துக்கு முன்னால் அதே தோட்டத்துக்கு வந்து, அதே ஆபீசைக் கடந்துபோய், அந்தப் படியேற முடியாத மனிதரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள் நான்.

அந்த ஒரு வரியின் நகலோடு மருந்தகத்துக்குப் போனேன். சாமிநாதன் கண்ணாடி மாட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இருவது வருஷம் மிஸ்ஸி," என்றார். "கேட்டா கெடைக்கும்னு யாருக்குத் தெரியும்."

அப்போதுதான் அவரிடம் மற்ற பாதியைச் சொன்னேன். பாக்கியம் அக்கா ஒன்பதரைக்கே சொன்னார், நான் கேட்கவில்லை என்று. லெட்சுமி முழித்துக்கொண்டுதான் இருந்தாள், அவளைக் கேட்கவில்லை என்று. ஏழேகாலை எழுதியது அவர், நம்பியது நான், நம்பாமலிருக்கக் காரணங்கள் என் கண் முன்னாலேயே படுக்கையில் கிடந்தன என்று. உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே யாரோ ஒரு கிழவர் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"இத முனியாண்டிகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"அவன் ஒரு மாதிரியா இருக்கான் மிஸ்ஸி. யாருகிட்டயும் பேசுறது இல்ல. தன்னாலதான் அவ போயிட்டான்னு நெனைக்கிறான். நான் சொன்னா நான் தப்பிக்கச் சொல்றேன்னுதான் நெனப்பான். நீங்க சொன்னா கேப்பான். இப்ப மரம் வெட்டுல இருக்கான். பன்னெண்டு மணிக்குப் பாலு கொண்டாருவான். இருங்க."

மணி பத்தரை. எனக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட். பன்னிரண்டுக்கு முனியாண்டியைப் பார்த்துப் பேசிவிட்டு, ஜீப் கேட்டுக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போயிருக்கலாம், அல்லது தாமதமாக வருகிறேன் என்று ஆபீசிலிருந்து டெலிபோன் செய்திருக்கலாம். இரண்டையும் அப்போதே யோசித்தேன். அடுத்த விடுமுறையில் வந்து நிதானமாகச் சொல்கிறேன் என்று சாமிநாதனிடம் சொன்னேன். அவர் சரி மிஸ்ஸி என்றார். நான் நம்பக்கூடியவள் என்று நினைத்தாரா தெரியாது. அந்தக் கிழவரை உள்ளே கூப்பிட்டார்.

அடுத்த விடுமுறையில் வேறு தோட்டங்களுக்குப் போனேன். ஜீப் சாவி விஷயத்தை ஒவ்வொரு மேனேஜரிடமும் நேரில் கேட்டேன். பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ பேர் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், வீட்டில் சுட்டது வீடு என்றே எழுதப்பட்டது. நீங்கள் இன்று பார்க்கும் ஏற்பாடு அப்படி வந்ததுதான். அதில் எனக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயங்கள் காலியாயின. சாமிநாதன் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். முனியாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போப் பக்கம்தான் வேலை தேடி வந்ததாகச் சொன்னார்கள். லாரியில் எடுபிடி என்றார் ஒருவர், கல்லுடைக்கும் இடம் என்றார் இன்னொருவர். மூன்று இடங்களில் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். தாய் எப்படி இறந்தாள் என்று அப்பா அதற்கு ஏதாவது சொல்லியிருப்பார். மணி கேட்டபோது தான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லியிருப்பார். அன்று காலை அவரிடம் யாரும் மணி கேட்கவில்லை. ஒரு மணிக்குமேல் நான் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். அந்த மருந்தகத்தில் பன்னிரண்டு மணிவரை நான் இருக்கவில்லை.